எவர் கைக்குக் காப்பு?

தொடர்ந்து சுட்டால் துப்பாக்கிக் குழல் கொதிக்கும். பிடிப்பவன் கை வேகாதிருக்கவே குழலின்மேல் ஓர் உறை. அமெரிக்க எம்-16 துப்பாக்கியில் அது இரு பாதிகளாலானது. வில்விசை வளையத்தைப் பின்னுக்கு இழுத்தால் கழன்றுவிடும். புதிதாய்ப் பழகுபவனும் மாற்றலாம். ஆயின் முதலில் தோட்டாக் கூட்டை அகற்றி, உள்ளறையில் தோட்டா எஞ்சியுள்ளதா என்று கண்ணால் காணவேண்டும். உறை கழல்வதற்கு இது வேண்டியதில்லை. அருகிலிருப்பவன் உயிருக்கு வேண்டும்.

அம்பேந்திப் பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ செல்பவர், பிறருக்குக் காயம் நேராதிருக்க, அதன் முனையைக் கையால் பற்றிக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததாக அபூமூஸா (ரலி) அறிவிக்கிறார்கள். துப்பாக்கியின் உறை ஏந்தியவன் கையைக் காக்கிறது. அங்கோ ஏந்தியவன் கையே பிறருக்கு உறையாகிறது. ஆயுதத்தைத் தொடுபவன் முதலிற் கற்கவேண்டியது இவ்விரண்டாம் காப்பையே.