கோதமையோடு கூட நின்றவர்கள்

"எல்லாம் விதி சிஸ்டர், நீங்க என்ன பண்ணுவீங்க?" பிள்ளையைப் பறிகொடுத்த தாய் இப்படிச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொள்வாள். சென்னையில் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் செவிலியராக வேலை பார்த்த காலம் முழுக்க இந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன். ஆறுதல் சொல்ல வேண்டியவள் நான், சொன்னவள் அவள். 2020-இலும் 2021-இலும் இதே பேச்சைச் செவிலியர்கள் எங்களுக்குள்ளேயே சொல்லிக்கொள்ளத் தொடங்கினோம். டூட்டி முடிந்து உடை மாற்றும் அறையில் ஒருத்தி அழுவாள். இன்னொருத்தி "விதிடீ, விடு" என்பாள். அழுதவள் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். மறுநாள் பார்த்தால் முகம் தெளிந்திருக்காது. விதி என்று சொன்னால் மனசு ஆற வேண்டும் அல்லவா? ஏன் ஆறவில்லை? ஓய்வுபெற்று ஊருக்கு வந்த பிறகும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

என் ஊர் பூம்புகாருக்குப் பக்கம். சாயாவனத்தில் சம்பாபதி அம்மன் கோயில் இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினம் என்ற பெயர் வருவதற்கு முன்னால் பூம்புகாருக்கே அவள் பெயர்தான் என்கிறது மணிமேகலை. அந்தக் காப்பியத்தில், சக்கரவாளக் கோட்டம் பற்றிச் சொல்லும் இடத்தில், ஒரு தாய் வருகிறாள். பெயர் கோதமை. அவளுக்கும் கணவருக்கும் கண் தெரியாது. ஒரே மகன் சார்ங்கலன்தான் இருவருக்கும் துணை. அவன் ஒருநாள் தனியாகச் சுடுகாட்டுப் பக்கம் போய், தலை ஒன்றைக் கையில் ஏந்தி ஆடிய பேயைக் கண்டு பயந்து, ஓடி வந்து தாயிடம் சொல்லி, அந்தப் பயத்திலேயே செத்துப்போகிறான். கோதமை பிள்ளையின் உடலை அணைத்துக்கொண்டு நள்ளிரவில் சம்பாபதியைக் கூப்பிடுகிறாள்.

தெய்வம் வந்து பதில் சொல்கிறது. உன் மகன் உயிரைப் பேய் தின்னவில்லை, அவன் வினை கொண்டுபோனது, அழாதே. கோதமை கேட்கவில்லை. என் உயிரை எடுத்துக்கொள், அவனைக் கொடு, கண்ணில்லாத தகப்பனை அவன் காப்பாற்றுவான் என்கிறாள். உயிருக்கு உயிர் மாற்ற முடியுமானால் அரசர்களுக்காக உயிர் கொடுக்க எத்தனையோ பேர் இருந்தார்களே, அப்படியும் இந்தச் சுடுகாட்டில் அவர்களுக்குக் கோட்டங்கள் எழும்பியிருக்கின்றனவே என்று தெய்வம் விளக்குகிறது. நியாயமான பதில். அப்படியும் தாய் விடவில்லை. தேவர்கள் வரம் தருவார்கள் என்று மறை சொல்கிறதே, நீ தராவிட்டால் என் உயிரை விடுவேன் என்கிறாள். அப்போது சம்பாபதி செய்வதைத்தான் நான் பல காலமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அண்டத்துத் தேவர்கள் அத்தனை பேரையும் அந்தச் சுடுகாட்டுக்கு அழைக்கிறாள். இவர்களில் ஒருவரால் முடியுமென்றாலும் உனக்கு நான் செய்து தருகிறேன் என்கிறாள். எல்லாத் தேவர்களும் வந்து, முடியாது என்று அதே பதிலைச் சொல்கிறார்கள். கோதமை அமைதி பெற்று மகனை ஈமத்தில் வைக்கிறாள். பிறகு அவளும் இறக்கிறாள். தேவர்கள் கூடி வந்ததன் நினைவாகத்தான் சக்கரவாளக் கோட்டமே கட்டப்பட்டதாம்.

முதல் தடவை சொன்ன பதிலும் கடைசித் தடவை சொன்ன பதிலும் ஒன்றுதான். மாறியது என்ன? முதலில் அந்தத் தாய் தனியாக நின்றாள். கடைசியில் அண்டமே அவளுக்காக எழுந்து வந்து நின்றது. சிராவத்தியில் புத்தரிடம் செத்த பிள்ளையைத் தூக்கி வந்த கிசா கோதமியின் கதையிலும் இதைப் பார்க்கிறேன். சாவு விழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வா என்று புத்தர் அவளை அனுப்புகிறார். எல்லாரும் சாவார்கள் என்ற உண்மையை அவர் அங்கேயே ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் வீடு வீடாக நடக்கவிட்டார். ஒவ்வொரு வாசலிலும் ஒருத்தி வந்து தன் வீட்டுச் சாவைச் சொன்னாள்.

கொரோனாவில் எங்களுக்கு இல்லாமல் போனது அந்த வாசல்கள்தான்.

வெளியிலிருப்பவர்கள், குழந்தைகளுக்குக் கொரோனா அவ்வளவாக ஒன்றும் செய்யவில்லையே என்பார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது லேசாகத்தான் வந்துபோனது. ஆனால் 2020 ஏப்ரல் கடைசியில் இங்கிலாந்து மருத்துவர்கள் எச்சரித்த அந்த வியாதி, தொற்று வந்து இரண்டு முதல் ஆறு வாரம் கழித்து உடம்பு முழுக்க அழற்சியாக வருவது, சில வாரங்களில் சென்னையிலும் வந்துவிட்டது. ஓடியாடிக்கொண்டிருந்த பிள்ளை காய்ச்சல், வயிற்றுவலி, சிவந்த கண்ணோடு வரும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே பி.பி. இறங்கும், இதயம் தளரும். இம்யூனோகுளோபுலின் ஏற்றி, ஸ்டீராய்டு கொடுத்து, விடிய விடிய மானிட்டரைப் பார்த்து நின்று, பெரும்பாலானவர்களை மீட்டோம். மீளாதவர்கள் முகம் எங்களில் யாருக்கும் மறக்கவில்லை.

பிபிஇ கிட்டுக்குள் வேர்த்து ஊற்றும். கண்ணாடி புகை மூடிவிடும். இரண்டு கையுறை போட்ட விரலால் ஒன்றரை வயதுப் பிள்ளையின் கையில் நரம்பு தேடி வென்ஃப்ளான் போட வேண்டும். குழந்தைகள் வார்டில் பாதி வைத்தியம் முகத்தால் நடப்பது. முகமில்லாத வெள்ளை உருவங்களைப் பார்த்துப் பிள்ளைகள் அலறின. மார்பில் ஸ்கெட்ச் பேனாவால் பெயரெழுதினோம், சிரிக்கிற முகம் வரைந்தோம். சார்ங்கலன் பேயைக் கண்டு பயந்து செத்த கதை அந்த நாட்களில் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும்; நம்மைப் பார்த்தே ஒரு பிள்ளை பயப்படுகிறதே என்று நெஞ்சு அடைக்கும். திருவெண்காட்டில் பிள்ளை இடுக்கி அம்மன் இருக்கிறாள். மண்ணெல்லாம் லிங்கமாகத் தெரிந்து கால் வைக்க அஞ்சி நின்ற சம்பந்தர் "அம்மா" என்று கூப்பிட, வந்து இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டவள். பயந்த பிள்ளையைத் தூக்குவதைத் தவிர அவள் வேறொன்றும் செய்யவில்லை. எங்களுக்கு அதுகூட அளந்து செய்ய வேண்டியதாக இருந்தது.

டூட்டி சுற்று முடிந்தால் வீட்டுக்குப் போக முடியாது, ஹோட்டலில் தனிமை அறை. கதவுக்கு வெளியே சாப்பாட்டுப் பொட்டலம். உள்ளே நாமும் நடந்தவையும். 2004 டிசம்பர் 26 சுனாமியை எங்கள் கரை பார்த்திருக்கிறது. அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அந்தக் கொடுமையிலும் பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். ஒருத்தி குரல் தளர்ந்தால் அடுத்தவள் எடுத்தாள். அந்த அழுகை வீணில்லை என்பதை ஹோட்டல் அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோதுதான் உணர்ந்தேன்.

ஊரார் எங்களோடு நிற்கவில்லை என்று சொன்னால் பாவம், நின்றவர்கள் உண்டு. 2020 மார்ச் 22 மாலை கைதட்டினார்கள். அதன்பின் ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 19 இரவு, கொரோனாவில் இறந்த டாக்டர் சைமன் ஹெர்குலிஸின் உடலைப் புதைக்கவிடாமல் சென்னையில் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. உடன் வேலை பார்த்த மருத்துவர் ஒருவரே மண்வெட்டி பிடித்துக் குழியை மூடினார். புகாரின் சுடுகாட்டில் சுடுவோர், புதைப்போர், தாழியில் கவிப்போர் என்று எல்லா வகையாருக்கும் இடம் இருந்ததாக மணிமேகலை சொல்கிறது. அந்த இரவுக்குப் பிறகு எங்கள் வார்டில் இளம் செவிலியர்கள் கேட்டது ஒன்றுதான்: "அக்கா, நமக்கு ஒண்ணுன்னா?" என்னிடம் பதில் இல்லை.

மனநல மருத்துவர் போனில் பேசினார். மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். சிலருக்குத் தூக்கம் வந்தது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எங்களைத் தின்றது பயம் மட்டுமில்லை. "நான் இன்னும் கொஞ்சம் முன்னாடி பார்த்திருந்தா?" என்ற கேள்வி. அதற்கு மருந்து, உடன் நின்ற இன்னொருத்தி "நானும் அங்கதான் இருந்தேன், அதுக்கு மேல யாராலயும் முடியாது" என்று சொல்வது. ஷிப்ட் மாற்றும்போது கேஸ் ஷீட்டோடு சேர்த்து, அன்று இறந்த பிள்ளையின் பெயரையும் அதற்கு என்னென்ன செய்தோம் என்பதையும் ஒருவருக்கொருவர் சொல்லும் பழக்கத்தை நாங்களாக வைத்துக்கொண்டோம். ஐந்து நிமிடம்கூட ஆகாது. சம்பாபதி கூட்டிய சபை எங்களுக்கு அந்த அளவில்தான் வாய்த்தது.

இப்படிக் கூடிப் பேசியதில் இன்னொன்றும் தெரியவந்தது. சில பிள்ளைகள் விஷயத்தில் "யாராலும் முடியாது" என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. ஊரடங்கில் பஸ் இல்லை, வண்டிக்குக் காசில்லை என்று சர்க்கரை வியாதிப் பிள்ளையை மயங்கிய பிறகு கொண்டுவந்தார்கள். ஒரு செவிலியர் பார்க்க வேண்டிய அளவுக்கு மேல் கட்டில்கள் இருந்தன. இவை வினையா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. வினையை அவ்வளவு நம்புகிற அதே காப்பியத்தில் மணிமேகலை, பசித்தவனைப் பார்த்து உன் வினை என்று போய்விடவில்லை. அமுதசுரபியை ஏந்தி ஊர் அம்பலத்துக்குப் போனாள். சிறைக்கூடத்துக்குள்ளும் போனாள். போன உயிரை மீட்க முடியாது என்று தெய்வங்கள் சொன்ன ஊரில், பசியை ஆற்ற முடியாது என்று யாரும் சொல்லவில்லை. முதலாவதற்குச் சொல்லும் பதிலை இரண்டாவதற்கும் சொல்வது அறமாகாது என்று நினைக்கிறேன். எங்கள் செவிலியர்களின் மனசு ஆறாததற்குக் காரணம் இந்த இரண்டும் "விதி" என்ற ஒரே பேச்சுக்குள் கலந்து கிடந்ததுதான். செத்த பிள்ளைக்காக அழ வேண்டும். வராத பஸ்ஸுக்காகக் கோபப்பட வேண்டும். கோபப்பட வேண்டிய இடத்தில் அடங்கிப் போகச் சொன்னால் அது உள்ளே போய்த் தன்னையே குத்தும்.

கொரோனாவுக்கென்று 2020-இல் தமிழக அரசு ஒப்பந்தத்தில் எடுத்த செவிலியர்களில் 2,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு 2022 டிசம்பர் 31-ஓடு வேலை முடிந்தது. வேறு திட்டத்தில் இடம் தருவதாகச் சொன்னார்கள். சிலருக்குக் கிடைத்தது. என்னோடு நின்ற ஒரு பெண் அன்று இரவு போன் செய்து, "நம்ம விதி அவ்வளவுதான் அக்கா" என்றாள். அப்படிச் சொல்லாதே என்று சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டேன். இது ஆள் கையெழுத்துப் போட்டு நடந்தது, ஆள் கையெழுத்துப் போட்டால் மாறும், மனு எழுது என்றேன். எழுதினாள். இப்போது கும்பகோணத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் பச்சைக்குழந்தை வார்டில் இருக்கிறாள். அங்கேயும் ஷிப்ட் மாறும்போது பெயர் சொல்லும் பழக்கத்தைத் தொடங்கிவிட்டதாகவும், மேற்பார்வையாளர் முதலில் நேரம் போகிறது என்று முகம் சுளித்தாலும் இப்போது தானும் வந்து நிற்பதாகவும் போன வாரம் சொன்னாள்.