பாடிக்கொண்டே மோட்சம் நோக்கி நடந்த சகோதரி தேயா



ஞாயிறு பூசையில் பாட்டுத் தொடங்கும்போது நம்மில் எத்தனை பேர் வாய் திறக்கிறோம்? “எனக்குக் குரல் இல்லை, சாமி” என்பர் சிலர். “அது பாடற்குழுவின் வேலை” என்பர் வேறு சிலர். “நம்மைப் போன்றவர்களுக்கு அங்கே இடம் ஏது?” என்று கடைசித் தூணருகே ஒதுங்கி நிற்போரும் உண்டு. இம்மூவருக்கும் விடையாக ஒரு கன்னியாஸ்திரீயின் வாழ்க்கையை இவ்வாரம் உங்கள் முன் வைக்கிறோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியில் மிஸ்ஸிஸிப்பி என்னும் மாநிலம் உண்டு. அங்கே 1937-ம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி கறுப்பு இனக் குடும்பம் ஒன்றில் பெர்த்தா பௌமன் என்னும் பெண் குழந்தை பிறந்தது. தகப்பனார் வைத்தியர்; தாயார் ஆசிரியை; பாட்டனாரோ அடிமையாகப் பிறந்தவர். வெள்ளையருக்கு ஒரு பள்ளி, கறுப்பருக்கு ஒரு பள்ளி என்று பிரித்து வைத்திருந்த காலம் அது. அடிமைத்தளையில் கிடந்த முன்னோர் கண்ணீரோடு பாடிய ஞானப் பாட்டுக்களை, காண்டன் என்ற ஊரில் முதியோர் வாயிலாகக் கேட்டுக் கேட்டே சிறுமி கற்றுக்கொண்டாள்.

பெற்றோர் கத்தோலிக்கர் அல்லர். ஆயினும் ஏழைகளுக்குக் கத்தோலிக்கர் செய்த உதவியைக் கண்டு மனம் இளகி, ஒன்பது வயதிலேயே கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தாள். பிரான்சிஸ்கு சபைக் கன்னியர் காண்டனில் திறந்த பள்ளியில் படித்தாள். தானும் அவர்களைப்போல் ஆகவேண்டுமென்று ஆசைப்பட்டாள். பெற்றோர் தடுக்கவே, அவர்கள் இணங்கும்வரை உண்ண மறுத்தாளாம்! 1953-ல், பதினைந்து வயதில், வெகு தொலைவிலுள்ள லா கிராஸ் நகரத்து மடத்தில் சேர்ந்தாள். அம்மடத்தில் கறுப்பு முகம் அவளுடையது ஒன்றே. அங்கே பெற்ற பெயர்தான் தேயா. கடவுளுக்குரியவள் என்பது பொருள்.

சகோதரி தேயா காண்டன் பள்ளிக்கே திரும்பி வந்து பிள்ளைகளுக்குப் பாடமும் பாட்டும் கற்பித்தார். பின்னர் 1972-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அர்ச். தாமஸ் மூர் சிறையிலிருந்து எழுதிய, துன்பத்தில் ஆறுதலைப் பற்றிய நூலே அவர் ஆராய்ந்த பொருள். கறுப்பு இனக் கன்னியர் தமக்கென ஒரு தேசிய மாநாட்டை 1968-ல் அமைத்தபோது அதற்கு உழைத்தவர்களுள் இவரும் ஒருவர். முதுமையடைந்த பெற்றோரைப் பேண 1978-ல் ஊர் திரும்பினார். அங்கு மேற்றிராணியார், பல இன மக்களும் ஒருவரையொருவர் அறிந்து மதிக்கச் செய்யும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். அவர் போன இடமெல்லாம் பாட்டுத்தான் முதல்; பேச்சு பிறகுதான். கறுப்பு இனக் கத்தோலிக்கருக்கென 1987-ல் வெளிவந்த பாட்டுப் புத்தகத்துக்கும் அவர் துணை நின்றார்.

அன்பர்களே, இதில் பெரிய காரியம் என்னவென்று கேட்கலாம். ஒவ்வொரு மக்களின் சொந்த இசை மரபையும் மதித்து வழிபாட்டில் தகுந்த இடம் தரவேண்டுமென்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ல் போதித்தது. ஆனால் ஏட்டில் எழுதியது இருதயத்தில் இறங்க வேண்டாமா? எளியவனின் பாட்டைக் கேட்டு முகம் சுளித்தால், அந்த எளியவனையே கோவிலிலிருந்து வெளியே நிறுத்துகிறோம் என்றுதானே பொருள்!

1984-ல் சகோதரிக்கு மார்பில் புற்றுநோய் கண்டது. அதே ஆண்டில் தாயும் தந்தையும் இறந்தனர். துன்பத்தில் ஆறுதலைப் பற்றி ஆராய்ந்தவர், அதை இப்போது தம் உடலிலேயே படிக்க வேண்டியதாயிற்று. ஆயினும் சாகும்வரை முழுமையாய் வாழ வரம் கேட்டாரேயன்றி, ஊழியத்தை விடவில்லை. 1989 ஜூன் மாதம் அமெரிக்க மேற்றிராணிமார் கூடியிருந்த சபைக்குச் சக்கர நாற்காலியில் வந்தார். அநாதைப் பிள்ளையின் ஏக்கத்தைச் சொல்லும் அடிமைக்காலப் பாட்டொன்றை முதலில் பாடினார். தம் மக்களின் வரலாறு, பாட்டு, கண்ணீர் எல்லாவற்றையும் திருச்சபைக்குக் காணிக்கையாகவே கொண்டுவருவதாக எடுத்துரைத்தார். முடிவில் மேற்றிராணிமாரை எழுந்து கைகோத்து நிற்கச் செய்து, தம்மோடு பாட வைத்தார். 1990 மார்ச் 30-ந் தேதி சொந்த ஊரிலே ஆண்டவரடி சேர்ந்தார். 2018-ல் அவரை அர்ச்சியசிஷ்டராக்கும் முயற்சிக்கு அந்நாட்டு மேற்றிராணிமார் ஒப்புதல் தந்தனர். இன்று அவர் இறை ஊழியர் என்று அழைக்கப்படுகிறார்.

நம் வீட்டுக்கு வருவோம். நம் நாட்டுக் கோவில்களிலும் சாதி பார்த்து இடம் பிரித்த காலம் இருந்தது. அந்த நஞ்சு முற்றும் ஒழிந்ததென்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லக்கூடுமா? பாடற்குழுவில் யார் வீட்டுப் பிள்ளை நிற்கிறான், யார் வீட்டுப் பிள்ளை நிற்கவில்லை என்று ஒருமுறை பாருங்கள். நிற்காத பிள்ளையை அடுத்த ஞாயிறு நீங்களே கைபிடித்து அழைத்து வாருங்கள். தாய்மாரே, இரவு ஜெபமாலை முடிந்ததும் பிள்ளைகளோடு ஒரு பாட்டுப் பாடுங்கள். பாட்டி தாத்தாவுக்குத் தெரிந்த பழைய பாட்டு அவர்களோடு மண்ணுக்குள் போகவேண்டாம். நோயாளிகளே, படுக்கையிலிருந்து எழும் உங்கள் மெல்லிய குரலும் ஆண்டவர் செவியில் ஏறும்.

குரல் இனிமையா என்று சர்வேசுரன் கேட்கமாட்டார். “உன் பக்கத்தில் நின்றவனையும் பாடவிட்டாயா?” என்றே கேட்பார். அந்நாளில் தலை குனியாதபடி இன்றே வாய் திறப்போம். பிறருக்கும் இடம் விடுவோம். ஆமென்.