செவி ஓரிடம், முடிவு ஓரிடம்

சில ஆண்டுகளுக்கு முன், புதிய நெடுஞ்சாலை ஒன்றுக்காக நடந்த பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்திற்கு நம் பங்கு மக்கள் சிலரோடு சென்றிருந்தோம். கிணற்றோடு இரண்டு ஏக்கர் நிலத்தை இழக்கவிருந்த முதியவர் ஒருவர் ஒலிவாங்கியின் முன் வந்தார். தம் நிலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், மேடையைப் பார்த்து, "ஐயா, இதை முடிவு பண்ணப்போறது நீங்கதானா?" என்று கேட்டார். மேடையிலிருந்த அதிகாரி நேர்மையானவர். "இல்லைங்க பெரியவரே, நீங்க சொல்றதை எழுதி மேலே அனுப்புவேன்" என்றார். முதியவர் மறுபேச்சின்றிப் போய் அமர்ந்துவிட்டார்.

அதிகாரி சட்டப்படியே பேசினார். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, இத்தகைய கூட்டம் மாவட்ட ஆட்சியர் அல்லது அவருடைய பிரதிநிதியின் தலைமையில் நடைபெற வேண்டும். குறைந்தது 30 நாள்களுக்கு முன் நாளிதழ்களில் அறிவிக்க வேண்டும்; நிகழ்ச்சி முழுவதையும் வீடியோவில் பதிய வேண்டும்; கூறப்பட்டவற்றின் சுருக்கத்தை மக்களின் மொழியிலேயே அங்கு படித்துக்காட்ட வேண்டும். நல்ல விதிகள்தாம். ஆயினும் இத்தனை பேராவது வந்திருக்க வேண்டும் என்ற வரையறை இல்லை. திட்டத்தை ஏற்பதோ மறுப்பதோ அம்மேடையின் பணியும் அன்று. நடவடிக்கைக் குறிப்பு நிபுணர் குழுவுக்குச் செல்கிறது. குழு பரிந்துரைக்க, மத்திய அமைச்சகமோ மாநில ஆணையமோ முடிவெடுக்கிறது. அவர்கள் அந்தப் பந்தலில் உட்கார்ந்தவர்கள் அல்லர்.

ஒருவர் கேட்க, வேறொருவர் முடிவெடுத்தால் அது கேட்டதாகுமா? 1958-இல் உச்ச நீதிமன்றம் இக்கேள்வியை எதிர்கொண்டது. ஆந்திரத்தில் பேருந்துத் தடங்களை அரசுடைமையாக்கும் திட்டத்தை எதிர்த்த குல்லப்பள்ளி நாகேசுவரராவ் வழக்கு அது. ஆட்சேபங்களை நேரில் கேட்டவர் துறைச் செயலர், முடிவெடுத்தவர் முதலமைச்சர். இவ்வாறு பிரித்துவிட்டால் நேர்விசாரணை வெற்றுச் சடங்காகிவிடும் என்பது தீர்ப்பின் சாரம். நேரில் கேட்பவர் எதிரிலிருப்பவரின் முகத்தைப் பார்க்கிறார். ஐயத்தைக் கேட்டுத் தெளிகிறார். கோப்பில் முகம் இல்லை.

நில எடுப்பில் நிலைமை இன்னும் இறுக்கமானது. தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின்கீழ் ஆட்சேபம் எழுப்ப 21 நாள்களே உண்டு. 2013-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியபோது, நெடுஞ்சாலைச் சட்டத்தை வெளியே நிறுத்தியது. 2015 முதல் இழப்பீடும் மறுவாழ்வும் அங்கும் வந்தன. மக்களைக் கேட்கும் அந்தக் கடமை மட்டும் வரவில்லை. 2018-இல் சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைக்காக ஐந்து மாவட்டங்களில் 277 கிலோமீட்டருக்கு நிலம் குறிக்கப்பட்டது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்த நடவடிக்கையை நீக்கியது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், முதல் அறிவிக்கைக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி பெறத் தேவையில்லை என்று கூறி அந்த அறிவிக்கையை நிலைநிறுத்தியது. ஆனால் நிலம் அரசைச் சேருமுன் வருவாய்ப் பதிவேட்டில் செய்த மாற்றங்களை அதுவும் ஏற்கவில்லை. உழுதவன் நிலத்தில் நிற்கும்போதே ஏட்டில் அவன் பெயர் போய்விட்டிருந்தது!

குருமடத்தில் திருச்சபைச் சட்டம் பயின்ற நாளில், உரோமைச் சட்டத்திலிருந்து வந்த பழைய விதியொன்றை மனப்பாடம் செய்தோம். எட்டாம் போனிபாஸ் 1298-இல் வெளியிட்ட தொகுப்பிலும் அது உண்டு. அனைவரையும் தொடுவதை அனைவரும் ஏற்றாக வேண்டும் என்பது அதன் கருத்து. அதை அப்படியே சாலைக்குப் பொருத்தினால் எந்தச் சாலையும் எழாது. பேறுகால வேதனையோடு மருத்துவமனைக்கு விரையும் பெண்ணும் அந்த 'அனைவரில்' ஒருத்தியே; அவள் கருத்துக்கேட்புக்கு வருவதில்லை. ஆகவே ஒவ்வொருவரின் இசைவும் வேண்டுமென நாம் வாதாடவில்லை. நிலத்தை இழப்பவருக்கு, முடிவெடுத்தவரிடமிருந்து காரணத்தோடு கூடிய பதில் கிடைக்க வேண்டும். அது அவருக்கு நாம் பட்ட கடன் என்கிறோம். எழுந்த கவலைகளுக்கு இறுதி அறிக்கையில் விடையளிக்க வேண்டுமென அறிவிக்கையே கூறுகிறது. அந்த விடை கோப்புக்குப் போகிறது. கேட்டவரின் வீட்டுக்கு வருவதில்லை.

சாலை வந்துவிட்டது. நன்றாகவே இருக்கிறது, நாமும் அதில்தான் நகருக்குப் போகிறோம். நடவடிக்கைக் குறிப்பின் படியைப் பின்னர் வாங்கிப் பார்த்தோம். முதியவரின் பெயர் வருகைப் பட்டியலில் இருந்தது. அவருடைய கேள்வி எங்கும் இல்லை. விசாரித்தபோது, அவர் கருத்து எதுவும் தெரிவிக்கவில்லையே என்றார்கள்.