சீட்டும் சிலிப்பர் கட்டையும்

பாட்டி தன் ஐசியை முந்தானையில் முடிந்தே வைத்திருப்பார். “தாள் இல்லன்னா ஆளே இல்லடா” என்பார். குளுவாங் பக்கத்துத் தோட்டமொன்றில் பால் வெட்டியவர். அவசரகாலம் ஊட்டிய பயம் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

நினைத்ததில் நியாயமும் உண்டு. 1948 ஜூனில் தொடங்கி 1960 வரை நீண்ட அவசரகாலத்தில், பன்னிரண்டு வயதைத் தொட்ட எல்லோருக்கும் படமும் பெருவிரல் ரேகையும் பதித்த அட்டை. 1951இல் ஜொகூரில் உணவுக் கட்டுப்பாடு இறுகியது. அரிசிக்கு அளவு. டின் உணவைக் கடைக்காரர் ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டும். பால் வெட்டவும் மரம் வெட்டவும் போனவர்களை வேலி வாசலில் தடவிப் பார்த்தார்கள். கட்டுச்சோறு கொண்டுபோகவும் தடை. இதே பிரிட்டிஷ் அரசு 1939இல் தன் நாட்டில் மரத்தைப் போர்க்காலக் கட்டுப்பாட்டில் வைத்து, பலகை வாங்க உரிமம் கேட்டது. அங்கே தாள் பலகையைக் கணக்கெடுத்தது. இங்கே மனிதனைச் சந்தேகித்தது.

ஆனால் பாட்டியின் பயம் அதற்கும் முந்தியது. அவருடைய அண்ணனை ஜப்பானியர் காலத்தில் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். 1942-43இல் 415 கிலோமீட்டர் மரண ரயில். காட்டை வெட்டிப் பாலம் கட்டினார்கள், சிலிப்பர் கட்டை போட்டார்கள். போர்க்கைதிகளின் அதிகாரிகள் ஒளித்து வைத்தாவது இறந்தவர் பட்டியலைக் காத்தார்கள். காஞ்சனபுரியில் இன்று ஏறக்குறைய 7,000 கல்லறைகள், பெரும்பாலும் பெயரோடு. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன பல்லாயிரம் தமிழர்களுக்கு அப்படிப் பட்டியல் இல்லை. செத்தவர் எத்தனை பேர் என்பதை இன்றும் மதிப்பிடத்தான் முடிகிறது.

அப்படியென்றால் தாள் விலங்கா, காப்பா? பதிவு இருந்தால் போதும் என்று சொல்லவும் தயக்கமாக இருக்கிறது. தோட்டத்துக்கு ஆள் கேட்டு வந்தவர்களுக்குக் கிராணியின் பேரேடுதானே வசதி? பெயர் எழுதியிருந்ததே பிடித்துப்போக வழி.

எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் இதுதான்: தாளில் பெயர் உள்ளவன், அதை வைத்திருப்பவனிடம் திரும்பக் கேள்வி கேட்க முடியுமா? சோற்றுக்குச் சீட்டு கேட்ட அரசிடம் “ஏன்?” என்று பாட்டியால் கேட்க முடியவில்லை. அண்ணனைக் கொண்டுபோனவர்களிடம் “எங்கே?” என்றும் கேட்க முடியவில்லை. ஒன்று தாள் மிகுந்த கொடுமை, மற்றது தாளே இல்லாத கொடுமை. இரண்டிலும் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் யாருமில்லை.

பிறப்புப் பத்திரம் இல்லாமல் முகப்பிடம் முகப்பிடமாக அலையும் நம்மவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கும்போது பாட்டியின் முந்தானை முடிச்சு நினைவுக்கு வருகிறது. அண்ணனின் பெயரை அவர் வாயால் மட்டுமே கேட்டிருக்கிறேன். எழுத்தில் எங்கும் பார்த்ததில்லை.