பூமி சூடேறுவது யார் செயலால்?



மழையும் வெயிலும் அல்லாஹ்வின் கையில் இருக்க, அற்ப மனிதனால் வானத்தின் போக்கை மாற்ற முடியுமா? முடியும் என்று நம்புவது ஈமானுக்கே குறைவல்லவா? இப்படி நம்மில் பலர், ஐவேளைத் தொழுகையாளிகளும்கூட, கேட்கிறார்கள். நல்ல எண்ணத்தோடு கேட்பதால் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கத்ரை நம்புவது ஈமானின் அங்கம். அதில் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் ஒருவன் மற்றவனுக்கு விஷம் கொடுத்துக் கொன்றால், மௌத்து அல்லாஹ்வின் நாட்டப்படி என்று சொல்லும் நாமே, கொடுத்தவனைக் கொலைகாரன் என்றும் சொல்கிறோமே! ஒட்டகத்தைக் கட்டுவதா, கட்டாமல் அல்லாஹ்விடம் ஒப்படைப்பதா என்று கேட்டவரிடம், முதலில் கட்டும்படி நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதை அறியாத பிள்ளை நம் வீடுகளில் உண்டா? ரூம் அத்தியாயத்தின் 41ஆவது ஆயத்தும், தரையிலும் கடலிலும் தோன்றும் சீர்கேட்டை மனிதர்களின் கைகள் தேடியவற்றோடு பிணைத்தே பேசுகிறது.

காற்றிலுள்ள கரியமிலவாயு பூமியின் வெப்பத்தைப் போர்வைபோல் பிடித்து வைக்கிறது. இது நேற்றைய கண்டுபிடிப்பன்று. அவ்வாயு பெருகினால் உலகம் எவ்வளவு சூடேறும் என்று ஸ்வீடன் தேசத்து அர்ரேனியஸ் 1896லேயே கணக்கிட்டார். ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958 முதல் அதை அளந்து வருகிறார்கள். அன்று பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 315 பங்கு இருந்தது. 2024ல் 420க்கும் மேல் இருந்தது.

எரிமலைகள் கக்கியதாக இருக்கலாமே, சூரியன் கூடுதலாகக் காயலாமே என்பார்கள். நியாயமான கேள்விதான். எரிமலைகள் விடுவது மனிதர் விடுவதில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் ஒரு தனி அடையாளம் உண்டு: உயிருள்ள மரத்தின் கரியில் இருக்கும் கதிரியக்கப் பகுதி அவற்றில் அறவே தேய்ந்து போயிருக்கும். காற்றில் புதிதாகச் சேர்ந்த கரியில் அந்த அடையாளமே தெரிகிறது. சூரியன் காரணமானால் மேல்வானமும் சேர்ந்து சூடேற வேண்டும். அளந்து பார்த்தாலோ கீழே சூடு, மேலே குளிர்ச்சி! பூட்டில் திருடனின் கைரேகை இருக்க, காற்று வந்து திறந்தது என்றால் எந்தக் காழி ஒப்புக்கொள்வார்? முற்காலத்திலும் தட்பவெப்பம் தானே மாறியது உண்மைதான். தானாக இறந்தவர்கள் உண்டு என்பதால் கொலையே நடப்பதில்லை என்றாகிவிடுமா?

இன்னொரு பேச்சும் உண்டு. அதுதான் எனக்கு அச்சம் தருகிறது. எங்கேனும் வெள்ளம் வந்தால், அவர்கள் பாவத்துக்குத் தண்டனை என்று உடனே ஃபத்வா கொடுத்து விடுகிறார்கள். 2022ல் பாகிஸ்தான் வெள்ளத்தில் 1,700 பேருக்கு மேல் இறந்தார்கள். உலகத்தார் விடும் புகையில் அந்நாட்டின் பங்கு நூறில் ஒன்றுக்கும் குறைவு. 2024 ஜூனில் ஹஜ்ஜின்போது ஹரம் ஷரீபில் 51.8 டிகிரி வெப்பம்; 1,300க்கு மேற்பட்டோர் மௌத்தானார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் அனுமதிச் சீட்டு இல்லாததால் நிழலும் வண்டியும் இன்றி வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். அரபு நாட்டு வெயில் பழையதுதான். அதன்மேல் ஏறிய சூடு புதியது. அந்த ஹாஜிகளைப் பாவிகள் என்று சொல்ல யாருக்கு நா எழும்?

எரித்தவன் ஒருவன், வெந்தவன் வேறொருவன் என்றால், அது ஹுகூகுல் இபாத் விஷயமாகிவிடுகிறது. அடியானுக்குச் செய்த அநீதியை அந்த அடியானே மன்னிக்க வேண்டும் என்பதை ஆலிம்கள் நமக்குச் சொல்லியே வந்திருக்கிறார்கள். எரித்தவர்களில் பெரும்பங்கு மேலைநாட்டார் என்பது மெய். எண்ணெய் விற்றுச் செழித்தவற்றில் முஸ்லிம் நாடுகளும் உண்டு; இதை மறைத்துப் பேசுவது நீதியன்று. 2015ல் இஸ்தான்புல்லில் கூடிய முஸ்லிம் அறிஞர்களும் எண்ணெய் நாடுகளை நேராகவே அழைத்து, இந்தப் புகையை நிறுத்த முன்வருமாறு கேட்டார்கள்.

நம் பங்கு சிறிது. ஆனாலும் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு லிட்டருக்கும் குறைவான தண்ணீரில் ஒளு செய்திருக்க, நாம் குழாயைத் திறந்துவிட்டு ஊர்க்கதை பேசுகிறோம். அந்தத் தண்ணீரை மேலேற்றிய மோட்டாருக்கு வந்த மின்சாரத்தில் பெரும்பகுதி நம் நாட்டில் நிலக்கரியில் பிறந்தது. மொராக்கோ நாடு 600 பள்ளிவாசல்களில் சூரியத் தகடு பதித்து மின்செலவைக் குறைக்கும் திட்டத்தை 2016ல் அறிவித்தது. அடுத்த ஜமாஅத்துக் கூட்டத்தில் மின்கட்டணக் கணக்கைப் படிக்கும்போது முத்தவல்லிமார்கள் இதையும் எடுத்துப் பேசட்டும்.