மேல் பூச்சும் அடிப்பூச்சும்

ஊதினால் தெளிந்த சுண்ணாம்பு நீர் ஏன் பாலாகிறது என்று திருவையாற்றுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தே காலம் ஓட்டிய வேதியியல் வாத்தியார் நான். அதனால் தஞ்சைப் பெரிய கோயில் ஓவியம் எனக்கு முதலில் சுவர், பிறகுதான் சித்திரம்.

1930களில் சென்னை அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்த எஸ். பரமசிவன் அந்தச் சுவரைச் சோதித்தார். கருங்கல்லின் மேல் கரடான சுண்ணாம்புச் சாந்து, அதன் மேல் வழவழவென்று மெல்லிய பூச்சு. அது ஈரமாக இருக்கும்போதே காவி, மஞ்சள் மண், பச்சை மண், கரி என்று தீட்டியிருக்கிறார்கள். பசை கிடையாது. சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கி இறுகும்போது நிறத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. காய்வதற்குள் கை முடிய வேண்டும், அதுவும் கருவறையைச் சுற்றிய அந்த இருட்டு நடையில். ஆளை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது.

1010இல் ராஜராஜன் குடமுழுக்குச் செய்த கோயில். அறுநூறு வருஷம் போல் கழித்து, நாயக்கர் காலத்தில், அதே சுவரில் இன்னொரு பூச்சு, இன்னொரு ஓவியம். 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி அடியில் இருந்த சோழர் வண்ணத்தைக் கண்டு சொன்னார். பிற்பாடு தொல்லியல் துறை வேதியியலாளர்கள் மேல் ஓவியத்தைச் சில இடங்களில் பக்குவமாக உரித்துக் கண்ணாடியிழைப் பலகையில் ஒட்டினார்கள். அந்த இடங்களில் அடியிலிருந்த சோழர் ஓவியம் வெளியே வந்தது இப்படித்தான். கைத்திறமை என்ற வகையில் எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

எங்கள் ஊர்க் குருக்களுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. "நேத்து சாத்தின மாலையை இன்னிக்குக் களையறது முறை சார். நீங்க இன்னிக்கு சாத்தினதைக் களைஞ்சுட்டு நேத்தையதை எடுத்துக் காட்டறேளே?"

"திருப்பணின்னா நீங்களே பாலாலயம் பண்ணி சாமியைக் கும்பத்துக்கு மாத்தறீங்களே, குருக்களே" என்றேன்.

"கும்பத்துலேர்ந்து சாமி திரும்பி வரும். அந்தப் பலகை சுவருக்கு வருமா?"

பலகையில் இருப்பதும் அதே சுண்ணாம்பு, அதே மண் நிறம்தான். எந்தக் கருவியில் வைத்தாலும் வித்தியாசம் தெரியாது. ஆனால் சுவாமியை வலம் வரும் வழியில் இருந்தது, இப்போது பார்வைக்கு வைக்கும் பொருளாகிவிட்டது. கருவியில் தெரியாததால் அந்த வித்தியாசம் பொய்யாகிவிடாது. இதை வேதியியல் படித்தவன் சொன்னால்தான் சரியாக இருக்கும்.

முந்தியதே உசத்தி என்பதும் பரிசோதனையில் கிடைத்த முடிவல்லவே. அது நம் காலத்து பக்தி. நாயக்கர் காலத்துக் கைக்கு வேறு பக்தி. பழசின் மேல் புதுசு சாத்துவதுதான் அதற்குக் கைங்கரியம். ஒரு பக்திக்காக இன்னொன்றைக் களைவதென்றால் உரிப்பவர் தன்னுடையதும் பக்திதான் என்று ஒத்துக்கொண்டு செய்யட்டும். விஞ்ஞானத்தின் மேல் பழியைப் போட வேண்டாம்.

உரித்ததை இனி ஒட்ட முடியாது. என்னைக் கேட்டால், நாயக்கர் பூச்சு இன்னும் நிற்கிற சுவர்களில் கை வைக்க வேண்டாம் என்பேன், அடியில் ராஜராஜனே இருந்தாலும்.