காணாத நிலமும் விற்பவன் கடமையும்

பண்டம் விற்பவன் பொய் சொல்லலாகாது என்பதை மறுப்பார் எவருமிலர். ஆனால், பொய் ஒன்றும் சொல்லாமலே ஒருவன் பிறரைத் துன்பத்தில் ஆழ்த்துதல் கூடுமோ என்று கேட்டால் பலர் தயங்குவர். அரிசியும் துணியும் வாங்குவோன் கையால் தொட்டுப் பார்த்தே வாங்குகிறான். கடலுக்கு அப்பாலுள்ள நிலத்தை வாங்குவோனோ, விற்பவனுடைய சொல்லையே தன் கண்ணாகக் கொண்டு வாங்குகிறான். இத்தகைய வாணிபத்தில் விற்பவனுக்குரிய கடமை யாது? பிறர் சொல்லை நம்பிக் கப்பலேறியோரின் மரபில் வந்த நமக்கு இவ்வினா அயலானதன்று. நடந்த வரலாறு ஒன்றை முன்வைத்து இதனை ஆராய்வோம்.

ஐயர்லாந்தின் வடபகுதியிலுள்ள டைரோன் மாவட்டத்து நிலக்கிழார் குடும்பத்தைச் சேர்ந்தவர் ஜார்ஜ் வெஸி ஸ்டூவர்ட் என்பார். இவர் நியூசீலந்து சென்று நாட்டைப் பார்வையிட்டு, 1874-ஆம் ஆண்டில் காட்டிகாட்டி என்னுமிடத்தில் 10,000 ஏக்கர் நிலத்துக்கு அந்நாட்டு அரசாங்கத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். பிறகு பிரசுரங்களாலும் சொற்பொழிவுகளாலும் தாய்நாட்டாரைத் திரட்டினார். முதற் கூட்டத்தார் 1875-இல் பெல்பாஸ்ட் துறைமுகத்தில் கப்பலேறினர்; 1878-இல் மற்றொரு கூட்டத்தார் சென்றனர். அதன்பின் டெ புக்கே என்னும் இடத்திலும் அவர் நிலம் வாங்கிக் கடல் கடந்த மக்களுக்கு விற்றார்.

வந்தவர்களுள் உழவர்களும் இருந்தனர். ஓய்வுபெற்ற படையதிகாரிகளும் பாதிரிமார் குடும்பத்தினரும் இருந்தனர். அவர்கள் கண்டது யாது? பெரணியும் புதரும் மண்டிய நிலம். நல்ல பாதை இல்லை. விளைந்ததை விற்கச் சந்தை அருகில் இல்லை. கொண்டுவந்த பணம் கரைந்தது. ஸ்டூவர்ட் மீது குறைகூறல் பல்லாண்டு ஓயவில்லை.

அவருக்காக வாதிடுவோர், “நிலம் நல்ல நிலமே அன்றோ? காட்டிகாட்டியும் டெ புக்கேயும் இன்று கிவிப் பழத் தோட்டங்களால் புகழ்பெற்று விளங்குகின்றனவே!” என்பர். உண்மைதான். ஆயினும், பேரப்பிள்ளைகள் காலத்து விளைச்சல் பாட்டன் பட்ட பசிக்கு விடையாகுமா? 1875-இல் நிலம் கொண்டவன் தன் எஞ்சிய வாழ்நாளையே விலையாகக் கொடுத்தான். மண்ணின் வளத்தைச் சொன்னவர், பாதை இல்லாமையையும் அதே குரலில் சொல்லியிருத்தல் வேண்டும். நன்மையை உரக்கவும் தீமையை மெல்லவும் உரைப்பது பொய்யன்று. எனினும் அது மெய்யும் ஆகாது.

மற்றொரு ஐயர்லாந்துக்காரரை நோக்குவோம். மாலஹைடு என்னும் ஊரில் பிறந்த தாமஸ் டால்பட் 1803-ஆம் ஆண்டு முதல் கானடாவில் ஈரி ஏரிக்கரையில் குடியேற்றம் அமைத்தவர். குடியேறுவோர் பெயரைப் பென்சிலால் எழுதுவார். காடு வெட்டி, வீடு கட்டி, தன் நிலத்தின் முன்னே பாதை அமைக்காதவனுடைய பெயரை அழித்துவிடுவார். அதனால் பாதைகள் உருவாயின. ஆயினும், அந்த எச்சரிக்கை முழுவதும் கொடுப்பவனின் பாதுகாப்புக்கே உரியது. கொள்பவன் தவறினால் அழிக்கப் பென்சில் உண்டு. கொடுப்பவன் தவறினால் அழிக்க எதுவுமில்லை. தன்னைக் காக்கும் எச்சரிக்கை சாமர்த்தியம் எனப்படும். பிறனைக் காக்கும் எச்சரிக்கையே அறம் எனப்படும்.

இன்னொன்றும் உண்டு. காட்டிகாட்டி நிலம் முன்பு யாருடையது? அது மாவோரி மக்களின் நிலம். அவ்வட்டாரத்தில் 1864-இல் நடந்த போருக்குப் பின்னரே அவர்கள் கைவிட்டு அரசாங்கத்தின் கைக்குச் சென்றது. வாங்கியவர்கள் காணாத நிலத்தை வாங்கினர். இழந்தவர்களோ தினந்தோறும் கண்ணெதிரே கண்ட நிலத்தை இழந்தனர். நிலத்தின் எல்லையைக் கூறுபவன் அதன் வரலாற்றையும் கூறக் கடமைப்பட்டவன்.

ஸ்டூவர்ட்டுக்கு உரிய பெருமையை மறைப்பதும் நீதியன்று. அவர் பணத்தைப் பெற்றுக்கொண்டு மறைந்துவிடவில்லை. தாம் அழைத்து வந்தவர்களிடையே தாமும் வாழ்ந்தார். 1882-இல் அருகிலுள்ள டவுரங்கா நகரின் முதல் மேயரானார். ஏசுவோர் ஏசுதற்கு அவர் கிட்டும் தொலைவிலேயே இருந்தார். விற்றவன் விற்ற இடத்திலேயே வாழ்வது அவன் சொல்லுக்கு ஒரு பிணையாகும்.

“குறைகள் யாவற்றையும் சொன்னால் எவன் வருவான்?” என்று கேட்பாருளர். வருவோர் சிலராயினும், ஆயத்தத்தோடு வருவர் என்பதே நம் விடை. நம்பிக்கை ஊட்டுவது குற்றமன்று. நம்பிக்கையை நிலத்தின் அளவுக்கு மேல் அளந்து விற்பதே குற்றம். தொலைவிலிருப்பவன் கேட்க அறியாத கேள்விக்கும் தானே முன்வந்து விடை சொல்பவன் எவனோ, அவனே நேர்மையான வணிகன். வாங்குவோன் கண்ணில்லாத இடத்தில் விற்பவன் அவனுக்குக் கண்ணாக இருக்கக் கடவன்.